முதல் ஆஸ்பத்திரி வேலை: நியமனம் வரும்வரை லயத்தில் காத்திருப்பதா, கண்டிக்குப் போவதா?

பனிக்காலை
ஞாயிறு, இரவு 9:10

எல்லோருக்கும் வணக்கம். என் வீடு பொகவந்தலாவைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், அதாவது வரிசை வீட்டில். கிழக்குப் பல்கலைக்கழகத்தில் தாதியியல் பட்டப்படிப்பு நான்கு வருடம் படித்தேன். போன மாதம் பெறுபேறு வந்துவிட்டது. எங்கள் டிவிஷனில் தாதியியல் படித்த முதல் பிள்ளை நான்தான். காலையில் வேலை பிரித்துக் கொடுக்கும் பெரட்டுக் களத்தில் அம்மாவைப் பார்க்கிறவர்கள் எல்லோரும் "மகளுக்கு எந்த ஆஸ்பத்திரி?" என்று கேட்கிறார்களாம். அம்மா ஒவ்வொரு நாளும் வந்து அதை என்னிடம் சொல்கிறார்.

சுகாதார அமைச்சு விண்ணப்பம் கோர வேண்டும், பிறகு நேர்முகப் பரீட்சை, அதற்குப் பிறகுதான் நியமனம். அது எப்போது என்று எங்கள் பட்ச்சில் ஒருவருக்கும் தெரியாது. முந்தின பட்ச் அக்காமார் பல மாதம் வீட்டில் இருந்தார்கள். அப்பா மலையில் வழுக்கி விழுந்ததிலிருந்து வேலைக்குப் போவதில்லை. தம்பி இந்த வருடம் உயர்தரம் எழுதுகிறான். நான் சும்மா இருக்க முடியாத நிலை.

போன வாரம் கண்டியில் ஒரு தனியார் வைத்தியசாலைக்கு நேர்முகத்துக்குப் போனேன். மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். எல்லாம் சிங்களத்தில். நான் நான்கு வருடமும் மட்டக்களப்பில் பயிற்சி எடுத்தவள். பாடம் ஆங்கிலத்தில், வாட்டில் பேச்சு தமிழில். ஒரு கேள்வி மட்டும் இன்னும் மனதை விட்டுப் போகவில்லை. இரத்தம் ஏற்றிக்கொண்டிருக்கும் நோயாளிக்குத் திடீரென்று காய்ச்சலும் நடுக்கமும் வந்தால் முதலில் என்ன செய்வாய் என்று கேட்டார்கள். கேள்வி விளங்கியது. பதிலும் தெரியும். இரத்தத்தை உடனே நிறுத்த வேண்டும். ஆனால் 'நிறுத்துவேன்' என்பதற்குச் சிங்களச் சொல் வரவில்லை. கையால் காட்டினேன். அவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பஸ்ஸில் ஏறி கினிகத்தேனை வந்த பிறகுதான் "நவத்தனவா" என்ற சொல் ஞாபகம் வந்தது.

காத்திருக்கவா, மறுபடியும் தனியாருக்கு முயற்சி செய்யவா? இந்தச் சிங்களத்தை என்ன செய்வது? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.


பதுளை_வாட்7
ஞாயிறு, இரவு 10:02

தங்கச்சி, வாழ்த்துகள். டிவிஷனில் முதல் பிள்ளை என்பது எவ்வளவு பெரிய விஷயம் என்று எனக்குத் தெரியும். நானும் பசறைப் பக்கத்து லயத்திலிருந்து வந்தவள். இப்போது அரசாங்க ஆஸ்பத்திரியில் பதினோராவது வருடம்.

வேலையைப் பற்றிப் பேசுவதற்கு முதல் ஒன்று கேட்கிறேன். தாதியர் கவுன்சில் பதிவு வேலையைத் தொடங்கிவிட்டாயா? பெறுபேறு வந்ததும் நிறையப் பேர் ஓய்வெடுத்துவிட்டு அதைத் தள்ளிப்போடுகிறார்கள். பதிவு இல்லாமல் அரசாங்கமோ தனியாரோ உன்னைத் தாதியாக நிறுத்த முடியாது. 'உதவியாளராக வாருங்கள், பதிவு வந்ததும் மாற்றித் தருகிறோம்' என்று சொல்லும் இடத்துக்குப் போகாதே. அங்கே உதவியாளர் சம்பளத்துக்குத் தாதி வேலை வாங்குவார்கள். ஏதாவது பிழை நடந்தால் உனக்காகப் பேச ஒருவரும் இருக்க மாட்டார்கள்.

பட்டச் சான்றிதழ் பட்டமளிப்பு விழா வரைக்கும் வராது. அதுவரை, படிப்பைப் பூர்த்தி செய்துவிட்டாய் என்ற கடிதத்தையும் பெறுபேற்றுப் பத்திரத்தையும் பல்கலைக்கழகப் பதிவாளரிடம் வாங்கி வை. பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டை, சாதாரண தரம், உயர்தரம், பட்டம், எல்லாவற்றிலும் உன் பெயர் ஒரே எழுத்தில் இருக்கிறதா என்று இன்றைக்கே எடுத்துப் பார். எங்கள் ஆட்களுக்கு இதில்தான் அடி விழுகிறது. என் பிறப்புச் சான்றிதழில் அப்பாவின் பெயர் ஒரு மாதிரி, அடையாள அட்டையில் வேறு மாதிரி. பதிந்தவருக்குக் காதில் விழுந்ததை எழுதிவிட்டார். சமாதான நீதவானிடம் போய்ச் சத்தியக் கடதாசி முடித்து, பிரதேச செயலகத்துக்கு நாலு தரம் ஏறி இறங்கினேன். நேர்முகத்துக்கு முந்தின வாரம் அந்த அலைச்சல் வரக் கூடாது.

கிராம உத்தியோகத்தர் சான்றிதழும் பொலிஸ் அறிக்கையும் கேட்ட பிறகு எடுத்தால் போதும், பழையதை ஏற்க மாட்டார்கள். ஹெபடைட்டிஸ் பி ஊசி மூன்றும் போட்ட அட்டை இருக்கிறதா? வழக்கமான முறையில் முதல் ஊசிக்கும் மூன்றாவது ஊசிக்கும் இடையில் ஆறு மாதம் போகும். அதனால் அதைத் தள்ளிப்போடாதே.


கொட்டகலைத்_தம்பி
ஞாயிறு, இரவு 10:40

அக்கா சொன்னதோடு ஒன்றைச் சேர்க்க வேண்டும். முகவரி.

எனக்கு நடந்தது. விண்ணப்பத்தில் வீட்டு முகவரியைத்தான் எழுதினேன். லய நம்பர், டிவிஷன், தோட்டம், ஊர், எல்லாம் சரியாக. தபால்காரர் லயத்துக்கு ஏற மாட்டார், கடிதமெல்லாம் தோட்ட ஆபீசுக்குத்தான் போகும். அங்கே ஒரு தட்டில் போட்டு வைப்பார்கள். யாராவது அந்தப் பக்கம் போனால் எடுத்து வந்து கொடுப்பார்கள், இல்லாவிட்டால் கிடக்கும். என் நேர்முகக் கடிதம் ஒன்பது நாள் அந்தத் தட்டில் கிடந்தது. என் கைக்கு வந்தபோது நேர்முகம் முடிந்து இரண்டு நாள். கடித உறையில் பிளேன்டீ கிளாஸ் வைத்த வட்டம். அந்த உறையை இன்னும் வைத்திருக்கிறேன்.

அடுத்த வாய்ப்பு வர ஒரு வருடத்துக்கு மேல் ஆனது. என் பட்ச் ஆட்கள் எனக்கு ஒரு வருடம் சீனியர் ஆகிவிட்டார்கள்.

அதனால் டவுனில் நம்பிக்கையான சொந்தக்காரர் வீடோ கடையோ இருந்தால் அந்த முகவரியைக் கொடுங்கள். அது முடியாவிட்டால் தபாலகத்துக்கே வாரம் ஒருமுறை போய், உங்கள் பெயருக்கு ஏதாவது வந்திருக்கிறதா என்று கேளுங்கள். வெட்கப்படாதீர்கள். அமைச்சின் இணையத்தளத்தையும் வர்த்தமானியையும் நீங்களே பாருங்கள். முடிவுத் திகதிக்கு முந்தின நாள் எங்காவது பகிரப்படும் செய்தியை நம்பி இருக்காதீர்கள். விண்ணப்பத்தைப் பதிவுத் தபாலில் போட்டு அந்தத் துண்டைப் பத்திரமாக வையுங்கள்.


ஊவாக்காற்று
திங்கள், காலை 6:25

நான் கொஞ்சம் வேறு மாதிரிச் சொல்கிறேன், கோபப்பட வேண்டாம். தனியாருக்குப் போகாதே, தங்கச்சி.

நான் போனேன். எந்த ஊர், எந்த இடம் என்று சொல்லப் போவதில்லை. சேர்ந்த அன்றே மூலச் சான்றிதழ்களை வாங்கி அலுமாரியில் வைத்துப் பூட்டினார்கள். இரண்டு வருட ஒப்பந்தம், இடையில் விலகினால் பணம் கட்ட வேண்டும் என்று சிங்களத்தில் எழுதியிருந்தது. எனக்குச் சரியாக வாசிக்கத் தெரியாது, கையெழுத்துப் போட்டுவிட்டேன். பன்னிரண்டு மணித்தியாலம் நின்று, மாற்றுக்கு ஆள் வராவிட்டால் அடுத்த பன்னிரண்டும் நின்றிருக்கிறேன். அரசாங்க நேர்முகம் வந்தபோது மூலச் சான்றிதழைக் கேட்டேன். தர மாட்டோம் என்றார்கள். அப்பா கடன் வாங்கிக் கொண்டுவந்து கட்டித்தான் வெளியே எடுத்தோம். அவர் அந்தக் காசை ஒவ்வொன்றாக எண்ணி மேசையில் வைத்ததை என்னால் மறக்க முடியாது.

தனியாரில் செய்த காலம் அரச சேவைக் காலத்தில் சேரவும் செய்யாது. வீட்டிலிருந்து சிங்களம் படி, பக்கத்துப் பிள்ளைகளுக்கு விஞ்ஞானம் சொல்லிக்கொடு, நியமனத்துக்குக் காத்திரு. நம்முடைய ஆஸ்பத்திரிகளுக்குத்தான் நம் ஆட்கள் தேவை.


கொட்டகலைத்_தம்பி
திங்கள், காலை 7:05

அக்கா, உங்களுக்கு நடந்தது அநியாயம். ஆனால் அதற்காக எல்லோரையும் வீட்டில் இருக்கச் சொல்லாதீர்கள். ஒரு வருடம் ஊசி பிடிக்காமல் இருந்துவிட்டு வாட்டில் இறங்கினேன். முதல் வாரம் கனுலா, அதாவது நரம்பில் ஏற்றும் சின்னக் குழாய், போடக் கை நடுங்கியது. ஒரு வயதான அம்மாவுக்கு மூன்று தரம் குத்த வேண்டி வந்தது. அவர் ஒன்றும் சொல்லவில்லை, என் தலையைத் தடவினார். அன்றைக்கு மிகவும் வெட்கமாக இருந்தது.


பதுளை_வாட்7
திங்கள், பகல் 2:15

இரண்டு பேர் சொல்வதும் சரிதான். மூலச் சான்றிதழை யாரிடமும் கொடுத்துவிட்டு வராதே. பார்க்கலாம், பிரதி எடுக்கலாம், எடுத்ததும் திருப்பித் தர வேண்டும். ஒப்பந்தத்தை அங்கேயே கையெழுத்துப் போடாமல், வீட்டுக்குக் கொண்டுபோய் வாசிக்க ஒரு நாள் கேள். தர மறுக்கும் இடத்துக்குப் போக வேண்டாம். விலகுவதற்கு எத்தனை நாள் அறிவித்தல், பணம் கட்ட வேண்டுமா, இரவு வேலைக்குத் தனியாக ஏதாவது உண்டா, இதெல்லாம் வாயால் கேட்டு எழுத்தில் வாங்கு. சம்பளப் பட்டியலில் ஊழியர் சேமலாப நிதி இருக்க வேண்டும். உன் பங்கு நூற்றுக்கு 8, அவர்கள் பங்கு 12. நம்பிக்கை நிதிக்கு அவர்கள் இன்னும் 3 போட வேண்டும். இது சட்டம். தயவு இல்லை. கேட்கக் கூச்சப்படாதே.


ஓய்வுபெற்ற_சிஸ்டர்
திங்கள், இரவு 8:50

மகள், உன் பதிவை இரண்டு முறை வாசித்தேன். முப்பத்து மூன்று வருடம் வேலை செய்து, கடைசிப் பன்னிரண்டு வருடம் வாட் சிஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். கண்டி, நாவலப்பிட்டி, நுவரெலியா என்று எல்லா இடமும் பார்த்திருக்கிறேன். நேர்முகத்திலும் உட்கார்ந்திருக்கிறேன். அதனால் மேசையின் அந்தப் பக்கம் என்ன நடக்கும் என்று சொல்கிறேன்.

இரத்தக் கேள்விக்கு நீ கையால் நிறுத்திக் காட்டினாய் அல்லவா, அந்த மேசையில் நான் இருந்திருந்தால் உனக்குப் புள்ளி போட்டிருப்பேன். ஆனால் அதோடு விட்டிருக்க மாட்டேன். நிறுத்தின பிறகு? புதுக் குழாய் செட்டில் நோர்மல் சேலைன் போட்டு நரம்பைத் திறந்து வைக்க வேண்டும். டாக்டருக்குச் சொல்ல வேண்டும். நோயாளியின் பெயரையும் பையிலுள்ள லேபலையும் மறுபடியும் ஒப்பிட வேண்டும். அந்தப் பையை வீசாமல் இரத்த வங்கிக்குத் திருப்பி அனுப்ப வேண்டும். இந்த ஐந்தையும் வரிசையாகச் சொல்கிற பிள்ளை வாட்டில் பயப்படாமல் நிற்கும் என்று எங்களுக்குத் தெரியும். பாஷை உடைந்து உடைந்து வந்தாலும் பரவாயில்லை. ஆங்கிலத்தில் சொல்ல அனுமதி கேட்டிருக்கலாம். அப்படிக் கேட்பதில் பிழையே இல்லை, நோயாளியின் டிக்கெட்டை, அதாவது கட்டில் குறிப்பேட்டை, எழுதுவதும் ஆங்கிலத்தில்தானே.

கணக்கும் கேட்பார்கள். 500 மில்லி லீட்டர் சேலைனை 4 மணித்தியாலத்தில் ஏற்ற வேண்டும், செட் ஒரு மில்லிக்கு 20 துளி, நிமிடத்துக்கு எத்தனை துளி? 500ஐ 20ஆல் பெருக்கி 240ஆல் வகுத்தால் ஏறக்குறைய 42. கல்குலேட்டர் தர மாட்டார்கள். தினம் நாலு கணக்குப் போட்டுப் பழகு.

இப்போது பாஷைக்கு வருகிறேன். இதை நீ கொஞ்சம் பொறுமையாகக் கேட்க வேண்டும்.

நான் ஒரு ஆதார வைத்தியசாலையில் இருந்த காலம். ஒரு நாள் காலை பத்து மணி இருக்கும், குளவி கொட்டின ஒன்பது பேரைத் தோட்ட லொறியில் கொண்டுவந்து இறக்கினார்கள். ஒன்பதும் பெண்கள். இடுப்பில் படங்கு கட்டினபடி, ஒருவருக்குக் கூடைக் கயிறு இன்னும் தலையில். பழுப்பு நிறத் துண்டால் முகத்தை மூடியிருந்த ஒரு அம்மா சத்தம் போடவே இல்லை. மற்ற எல்லோரும் அழுகிறார்கள், எரியுது எரியுது என்கிறார்கள். அந்தப் பக்கத்தில் நின்ற சிங்கள நர்ஸ் மிஸ் நல்ல கெட்டிக்காரி. அழுகிறவர்களை முதலில் பார்த்தார். யாரும் அப்படித்தான் செய்வார்கள். துண்டு மூடின அம்மா மெதுவாக, "கெறக்கமா இருக்கு, மூச்சு முட்டுது" என்றார். கெறக்கம் என்றால் தலைசுற்று. அந்த மிஸ்ஸுக்கு அது விளங்கவில்லை. எனக்கு விளங்கியது. துண்டை எடுத்துப் பார்த்தால் உதடு வீங்கி, நாடி கைக்குக் கிடைக்கவில்லை. படுக்க வைத்து, காலைத் தூக்கி வைத்து, டாக்டர் சொல்லச் சொல்லத் தொடையின் வெளிப்பக்கத் தசையில் அட்ரினலின் அரை மில்லி போட்டோம். ஐந்து நிமிடம் பொறுத்து இன்னொன்று. மாலையில் அந்த அம்மா எழுந்து உட்கார்ந்து, தன் பெயருக்கு அன்றைக்கு அரைப் பேர் போடுவார்களா, முழுப் பேர் போடுவார்களா, அதாவது அரைநாள் சம்பளமா, முழுநாள் சம்பளமா என்று கேட்டார்.

'கெறக்கம்' என்ற சொல் தெரிந்திருந்ததால் ஒரு உயிர் பிழைத்தது. யாழ்ப்பாணத்திலிருந்து வந்த ஒரு நர்ஸுக்குக்கூட அந்தச் சொல் உடனே விளங்கியிருக்குமோ என்னவோ. நீ மலையகத்துப் பிள்ளை, உனக்கு விளங்கும். அதேபோல ஒரு சிங்களத் தாய் "ஹுஸ்ம கன்ன அமாருய்" என்றால் மூச்சு எடுக்கக் கஷ்டம் என்கிறார். அதுவும் உனக்கு விளங்க வேண்டும். அவரும் உன் நோயாளிதான்.

ஒரு சின்னக் கொப்பி வாங்கு. யூனிபோர்ம் பொக்கெட்டில் போகிற அளவு. ஒவ்வொரு பக்கத்தையும் இரண்டாகக் கோடு போட்டுப் பிரி. இடப் பக்கம் எங்கள் சொல், வலப் பக்கம் சிங்களம். எங்கே வலிக்குது, கொஹேத ரிதென்னே. மருந்து குடித்தீர்களா, பெஹெத் பிவ்வத. நோயாளி சொல்வதைக் கேட்டு எழுது. புத்தகத்திலிருந்து எழுதாதே, புத்தகச் சிங்களம் வாட்டில் யாரும் பேசுவதில்லை. எங்கள் ஆட்கள் சொல்லும் மேலுவலி, வயித்தால போகுது, நெஞ்சு படபடங்குது, இதையெல்லாமும் எழுது. நானும் அப்படித்தான் படித்தேன்.

ஆகவே என் முடிவு, கண்டிக்குப் போ. சான்றிதழ் விஷயத்தில் ஊவாக்காற்று சொன்னதை மறக்காதே. ஆனால் போ.


நோர்வூட்_நீலா
திங்கள், இரவு 9:30

சிஸ்டர், மதிப்போடு ஒன்று கேட்கிறேன். ஏன் எப்போதும் நாங்களே படிக்க வேண்டும்? 1987இல் 13ஆவது திருத்தம் வந்தபோதே தமிழும் அரச கரும மொழி ஆகிவிட்டது. நுவரெலியா மாவட்டத்தில் தோட்டத்து ஆட்கள் இத்தனை பேர் இருக்கிறார்கள். என் அம்மம்மாவுக்கு ஒரு தரம் கிளினிக்கில் மாத்திரை மாற்றிக் கொடுத்தார்கள். காலை ஒன்று, இரவு ஒன்று என்று சிங்களத்தில் சொல்லியிருக்கிறார்கள். அவர் காலையில் இரண்டையும் சேர்த்துப் போட்டு மயங்கி விழுந்தார். எந்த ஆஸ்பத்திரி என்று சொல்லவில்லை. ஆனால் அந்தப் பொறுப்பு யாருடையது? நோயாளி பாஷை படித்துக்கொண்டா வர வேண்டும்?


ஓய்வுபெற்ற_சிஸ்டர்
செவ்வாய், காலை 5:40

நீலா, உன் கோபம் நியாயமானது. நோயாளி ஒரு சொல்லும் படித்துக்கொண்டு வர வேண்டியதில்லை. அரச சேவைக்கு வரும் எல்லோரும் மற்ற மொழியில் தேர்ச்சி காட்ட வேண்டும் என்பது விதி, அது சிங்கள உத்தியோகத்தர்களுக்கும்தான். பரீட்சை பாஸ் பண்ணுகிறார்கள், பேசப் பழகுவதில்லை. அதைக் கேட்டு எழுது, மாகாண சுகாதாரத் திணைக்களத்துக்கு எழுது, உன்னோடு நானும் கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் இந்தப் பிள்ளைக்கு அடுத்த நேர்முகம் அடுத்த வாரம் வரலாம். அவளுக்கு இன்றைக்கு என்ன உதவும் என்பதைத்தான் நான் எழுதினேன்.

அம்மம்மா போன்றவர்களுக்கு நான் செய்தது ஒன்று. மருந்துப் பையில் சூரியனும் நிலாவும் வரைந்து கொடுப்பேன். சூரியனுக்குக் கீழே ஒரு கோடு, நிலாவுக்குக் கீழே ஒரு கோடு. வாசிக்கத் தெரியாதவர்களுக்கும் விளங்கும்.


நோர்வூட்_நீலா
செவ்வாய், காலை 6:15

சூரியனும் நிலாவும். சிஸ்டர், இதை இன்றைக்கே அம்மம்மாவின் பைகளில் வரைகிறேன். கடிதமும் எழுதுகிறேன், எழுதிவிட்டு உங்களுக்கு அனுப்புகிறேன்.


கிளங்கன்_பக்கம்
செவ்வாய், மாலை 5:20

டிக்கோயா கிளங்கன் ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் இருக்கிறோம். இந்திய உதவியில் 150 கட்டிலோடு கட்டி, 2017 மே 12இல் இந்தியப் பிரதமர் வந்து திறந்து வைத்தார். அன்றைக்கு உலகத் தாதியர் தினம். கூட்டத்தில் நின்றபோது எனக்கு அது தெரியாது, பிறகுதான் தெரிந்தது. நல்ல கட்டடம். ஆனால் கட்டில் இருந்தால் போதுமா, பக்கத்தில் நின்று எங்கள் பாஷையில் கேட்க ஆள் வேண்டும். பனிக்காலை அக்கா எங்கே போனாலும் ஒரு நாள் இந்தப் பக்கம் மாற்றம் கேட்டு வர வேண்டும் என்பது என் ஆசை.


உயர்தரம்_பயோ
செவ்வாய், மாலை 6:00

நான் இந்த வருடம் உயிரியல் பிரிவில் உயர்தரம் எழுதுகிறேன். பல்கலைக்கழகம் கிடைக்காவிட்டால் நர்ஸ் ஆகவே முடியாதா? டவுனில் ஒரு இடத்தில் ஆறு மாத கோர்ஸ், வேலை நிச்சயம் என்று போர்ட் போட்டிருக்கிறார்கள்.


பதுளை_வாட்7
செவ்வாய், இரவு 7:35

முடியும் தம்பி. அரசாங்கத் தாதியர் பயிற்சிக் கல்லூரிகள் இருக்கின்றன. கண்டியிலும் பதுளையிலும் உண்டு. மூன்று வருட டிப்ளோமா, படிக்கும்போதே கொடுப்பனவும் கிடைக்கும். நான் அப்படி வந்தவள்தான். வர்த்தமானியில் விண்ணப்பம் கோருவார்கள், தகுதி எல்லாம் அதிலேயே இருக்கும். ஆறு மாத கோர்ஸ் படித்தால் பராமரிப்பு உதவியாளர் வேலை கிடைக்கலாம், தாதி ஆக முடியாது. எந்தத் தனியார் கோர்ஸுக்கும் காசு கட்டுவதற்கு முதல், 'இதைப் படித்தால் தாதியர் கவுன்சில் பதிவு செய்யுமா' என்று கவுன்சிலிடமே கேள். கோர்ஸ் நடத்துபவரிடம் கேட்காதே. எங்கள் தோட்டத்தில் ஒரு பிள்ளை அம்மாவின் தோட்டை அடகு வைத்துப் படித்துவிட்டு, கடைசியில் அந்தச் சான்றிதழை யாருமே பார்க்கவில்லை.


பனிக்காலை
நான்கு மாதத்துக்குப் பிறகு, சனி, பகல் 3:30

இந்த இழையை மறக்கவில்லை. எழுத நேரம் கிடைக்கவில்லை.

கவுன்சில் பதிவு கிடைத்தது. பிறப்புச் சான்றிதழில் என் பெயரில் ஒரு எழுத்து பிழை இருந்தது, பதுளை அக்கா சொல்லியிருக்காவிட்டால் பார்த்திருக்கவே மாட்டேன். இரண்டாவது நேர்முகத்துக்கும் கண்டிக்குத்தான் போனேன், வேறு வைத்தியசாலை. "ஆங்கிலத்தில் பதில் சொல்லலாமா?" என்று சிங்களத்திலேயே கேட்டேன். அந்த ஒரு வாக்கியத்தை அட்டனிலிருந்து கண்டி வரைக்கும் பஸ்ஸில் சொல்லிக்கொண்டே போனேன். ஒரு மிஸ் சிரித்துவிட்டுச் சொல் என்றார். துளிக் கணக்குக் கேட்டார்கள், 42 இல்லை, வேறு எண்கள். சரியாகச் சொன்னேன்.

மூலச் சான்றிதழ் கேட்டார்கள். பிரதி எடுத்துவிட்டுத் தாருங்கள், நான் இங்கேயே நிற்கிறேன் என்றேன். ஐந்து நிமிடத்தில் தந்தார்கள். ஊவாக்காற்று அக்கா, அந்த ஐந்து நிமிடமும் உங்கள் அப்பாவைத்தான் நினைத்துக்கொண்டு நின்றேன். ஒப்பந்தம் ஒரு வருடம், அரச நியமனம் வந்தால் ஒரு மாத அறிவித்தலில் விடலாம் என்று எழுதி வாங்கினேன்.

மூன்று பிள்ளைகள் சேர்ந்து ஒரு அறையில் போர்டிங். முதல் சம்பளத்தில் அப்பாவுக்கு இடுப்புப் பெல்ட் வாங்கினேன். மீதியில் தம்பிக்கு டியூஷன் காசு.

வாட்டில் முதல் மாதம் கஷ்டமாக இருந்தது. டியூட்டி மாறும் கையளிப்பு நேரத்தில் எல்லோரும் வேகமாகச் சிங்களத்தில் சொல்லுவார்கள், நான் பாதியைத் தவற விடுவேன். வாட் சிஸ்டரிடம் நேரே போய், எனக்கு முழுதாக விளங்கவில்லை, தெரிந்த மாதிரி நடித்தால் நோயாளிக்குத்தான் ஆபத்து என்று சொன்னேன். அன்றிலிருந்து மருந்து விஷயங்களை எனக்கு ஆங்கிலத்தில் இன்னொரு தரம் சொல்லித் தருகிறார்கள். இப்போது அது அவ்வளவாகத் தேவைப்படுவதில்லை.

போன வாரம் இரவு, புசல்லாவைப் பக்கத்திலிருந்து ஒரு ஆத்தாவைக் கொண்டுவந்திருந்தார்கள். மகன் வெளிநாட்டில், அவர்தான் காசு கட்டுகிறாராம். ஆத்தா இரண்டு நாளாக யாரோடும் பேசவில்லை. சாப்பிடவும் இல்லை. டிக்கெட்டில் 'ஒத்துழைப்பு இல்லை' என்று எழுதியிருந்தது. நான் போய், "ஆத்தா, மேலுக்கு எப்பிடி இருக்கு?" என்று கேட்டேன். என் கையைப் பிடித்துக்கொண்டார். "பல்லு செட்டக் காணம் புள்ள" என்றார். அவ்வளவுதான் விஷயம். பல் செட் அவசர சிகிச்சைப் பிரிவில் ஒரு கிண்ணத்தில் இருந்தது. கழுவிக் கொண்டுவந்து கொடுத்தேன். கஞ்சி குடித்தார். டிக்கெட்டில் அந்த வரிக்குக் கீழே நேரம் போட்டு, காரணத்தை எழுதிக் கையெழுத்து வைத்தேன்.

அமைச்சு விண்ணப்பமும் கோரிவிட்டது. போன செவ்வாய் பதிவுத் தபாலில் போட்டேன். முகவரி பொகவந்தலாவை டவுனில் மாமா கடை. கொட்டகலைத் தம்பி சொன்னபடி துண்டையும் பத்திரமாக வைத்திருக்கிறேன். நேர்முகத் திகதி வந்தால் டியூட்டி மாற்றித் தர ஒரு சிங்கள அக்கா இப்போதே ஒத்துக்கொண்டிருக்கிறார்.

சிஸ்டர், கொப்பியில் 212 சொல் சேர்ந்திருக்கிறது. அந்த அக்கா அதைப் பார்த்துவிட்டு, வலப் பக்கத்திலிருந்து இடப் பக்கமாகப் படிக்கத் தனக்கும் ஒரு பிரதி வேண்டும் என்கிறார். 'கெறக்கம்' என்பதற்கு எதிரே இன்னும் காலியாக விட்டிருக்கிறேன். வாட்டில் இரண்டு மூன்று விதமாகச் சொல்கிறார்கள், எதை எழுதுவது?


ஓய்வுபெற்ற_சிஸ்டர்
சனி, மாலை 4:10

'கரகெவில்ல' என்று எழுது மகள். தலை சுற்றுவதை நோயாளிகள் அப்படித்தான் சொல்லுவார்கள். பிரதியைக் கையால் எழுதிக் கொடு, அந்த அக்காவை ஒவ்வொரு சொல்லையும் வாய்விட்டுச் சொல்ல வை. நைட்டுக்குப் போகிறாயா? ஸ்வெட்டரை மறக்காதே, விடிகாலை மூன்று மணிக்குக் கண்டியிலும் குளிரும்.